மஞ்சக்குட்டைக்குப் போன நோட்டீஸ்

ஏற்காட்டில் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் நாளே, எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஒரு வதந்தி கிளம்பியது. கிளப்பிவிட்டவன் நான்தான். எழுபதுகளின் கடைசி அது. வக்கீல் சேலத்திலிருந்து ஞாயிறன்று மட்டும் மலையேறி வருவார். மற்ற ஆறு நாளும் நானும் டைப்ரைட்டரும்தான்.

கோர்ட் ஆங்கிலத்தில் எனக்கு நான்கு சொற்றொடர்கள் மனப்பாடம். 'ஃபெயிலிங் விச்' என்றால் செய்யத் தவறினால். 'கன்ஸ்ட்ரெயின்டு' என்றால் வேறு வழியில்லாமல். 'லீகல் ப்ரொசீடிங்ஸ்' என்றால் கோர்ட் நடவடிக்கை. 'காஸ்ட்ஸ் அண்ட் கான்சிக்வன்ஸஸ்' என்றால் செலவும் விளைவும் உன் தலையில். நான்கையும் சேர்த்தால், கேஸ் இன்னும் போடவில்லை, சொன்னதைச் செய்யாவிட்டால் போடுவோம் என்று பொருள். அவ்வளவுதான்.

மஞ்சக்குட்டை சடையன் ஒருநாள் வந்தார். அவருடைய காப்பிக் காட்டுக்குப் போகும் தடத்தைத் தம்பி பொன்னன் முள்வேலி போட்டு அடைத்துவிட்டான்.

"பேசிப் பாத்தீங்களா?"

"மூணு மாசமா பேச்சே இல்லீங்க. தடத்தைத் தொறந்து உடச் சொல்லிக் காயிதம் போடுங்க. கொஞ்சம் பயப்படட்டும்."

'கொஞ்சம்' என்பதை நான் பொருட்படுத்தவில்லை. நான்கு சொற்றொடர்களையும் ஒரே நோட்டீஸில் இறக்கினேன். கையெழுத்துப் போடும்போது வக்கீல் சிரித்தார். "ஏப்பா, வேலியைப் பிரிக்கச் சொல்றியா, ஊரை உட்டே போகச் சொல்றியா?"

நாலாம் நாள் பொன்னன் என் மேஜை முன் நின்றான். ஒரு கையில் அதே நோட்டீஸ், இன்னொரு கையில் ஒரு பை கமலா ஆரஞ்சு. சுற்றுவட்டாரத்தில் யாருக்கு இங்கிலீஷ் காயிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். எழுதியவனிடமே படிக்கக் கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வேறு யாரிடமாவது காட்டு என்று அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் என் ஆங்கிலத்தை நானே வாசிக்க ஒரு சபை கிடைத்தால் விடுவேனா?

எழுந்து நின்று கணீரென்று வாசித்தேன். கோர்ட்டு, செலவு, விளைவு என்று பொருளையும் அதே குரலில் சொன்னேன். கேஸ் இன்னும் போடவில்லை என்ற ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நோட்டீஸின் கம்பீரம் போய்விடுமாம்.

"ஏனுங்க, இத்தனையும் எங்கண்ணன் சொன்னதுங்களா?"

"எல்லாம் அவர் சொன்னதுதான்" என்றேன், கூசாமல்.

"என்னையக் கோர்ட்டுல நிறுத்தோணும்னு அவருக்கு அத்தனை ஆசைங்களா?"

ஆரஞ்சுகளைப் பையோடு மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

பத்து நாள் கழித்துச் சடையன் வந்தார். ஜெயித்த கட்சிக்காரரின் முகமாக அது இல்லை.

"தடம் தொறந்துருச்சுங்க. ஒரு முள்ளு பாக்கியில்லாமப் பிரிச்சுப் போட்டுட்டான்."

"பின்னே என்னங்க?"

"ஊட்டைப் பூட்டிட்டுப் பொண்டாட்டி புள்ளையோட கீழ எறங்கிட்டானுங்க. எங்க போனான்னே தெரியல. குப்பனூர்ல அவன் மச்சினன் இருக்கான், அங்க போட்டா அவன் கைக்குச் சேந்தாலும் சேருமுங்க. வரச் சொல்லி ஒண்ணு எழுதுங்க. மனசு நொம்பக் கஷ்டமா இருக்குதுங்க."

டைப்ரைட்டரில் தாளைச் செருகினேன். நான்கு சொற்றொடர்களில் ஒன்றும் முன்வரவில்லை. தாளை உருவிக்கொண்டு பேனாவை எடுத்து, 'தம்பி, ஊருக்கு வா' என்று எழுதினேன். பழக்கதோஷம், கை பாட்டுக்கு 'வராவிட்டால்' என்றும் எழுதிவிட்டது.

"வராட்டின்னு எழுதிட்டனுங்க. மேல என்ன போடட்டும்?"

சடையன் எட்டித் தாளைப் பார்த்தார்.

"வராட்டி... சேர்வராயன் திருவிழாவுக்காச்சும் வருவான்னு அண்ணன் பாத்துட்டே இருப்பான்னு போடுங்க."

அதற்குப் பதில் வரவில்லை. அதன் பிறகு எனக்குப் படிக்கக் கிடைத்த எந்த நோட்டீஸையும், கேஸ் இன்னும் போடவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் பிரிப்பேன். வருஷா வருஷம் திருவிழாக் கூட்டத்தில் சடையன் ஒரு பக்கம் தேடுவார், நான் ஒரு பக்கம் தேடுவேன். அவர் என்ன சொல்ல வைத்திருந்தாரோ. எனக்குச் சொல்ல வேண்டியது அந்த ஒரு வரிதான்: கேஸ் போடவே இல்லை, பொன்னா.