சுங்கை ரம்பாயில் பதினான்கு வினாநிரல்கள்

காலை மணி 6.40. சிரம்பான் பேருந்து நிலையத்துக்கு நாற்பது நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன். மலாக்காவுக்கு டிக்கெட் ஒன்பது வெள்ளி. பையில் வினாநிரல்கள் இருபது. வீட்டில் மூன்று முறையும் நிலையத்தில் ஒரு முறையும் எண்ணினேன். ஒவ்வொன்றிலும் பதினொரு கேள்விகள். பேனாக்கள் ஆறு, இரத்த அழுத்த மாத்திரை இரண்டு.

முப்பத்தொரு ஆண்டு அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற நான், எழுபது வயதில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூக அறிவியல் படிக்கிறேன். ஆய்வு முறைகள் பற்றிய அறிமுகப் பாடத்தில் சென்ற தவணை தோற்றேன். தெரிந்த நண்பர்கள் பன்னிரண்டு பேரிடம் மட்டும் கேள்வி கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். "இது மாதிரியெடுப்பு அல்ல, தேநீர் விருந்து" என்று விரிவுரையாளர் சிவப்பு மையில் எழுதிவிட்டார். இரண்டாம் முறையும் தோற்றால் படிப்பை விட்டு விலக வேண்டும். கெடு இன்னும் ஒன்பது நாள்.

இந்த முறை தலைப்பு: தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், தண்ணீர், சாலை, சாக்கடை என்று ஒரு குறை வந்தால் யாரிடம் போகின்றன?

மணி 8.50. மலாக்கா சென்ட்ரல். அங்கிருந்து சுங்கை ரம்பாய்ப் பக்கம் நாற்பது கிலோமீட்டர். போக வர நூறு வெள்ளி என்று சுரேஷ் என்ற வாடகைக் கார்க்காரர் ஒத்துக்கொண்டார். நாற்பது வயது இருக்கும்.

"பசியாறிட்டீங்களா அங்கிள்?"

"ஆச்சு. மூணு மணிக்குத் திரும்ப வந்திருவீங்கதானே?"

"வருவேன்லா. இதோட நாலு தடவை கேட்டுட்டீங்க."

மூன்று தடவைதான் கேட்டிருந்தேன்.

மெர்லிமாவைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் செம்பனை. சாலையோரப் பலகைகளில் மலாக்கா மாநிலம் முடியப்போவது தெரிந்தது. பிறகு இடப்பக்கம் ஒரு மண் சாலை, ஒன்றரை கிலோமீட்டர். அந்தக் குடியிருப்பின் பெயரை வெளியிடமாட்டேன் என்று உறுதி கொடுத்திருக்கிறேன். அங்கே சந்தித்தவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

மணி 9.55. மொத்தம் நாற்பத்திரண்டு வீடுகள். தோட்டம் விற்கப்பட்டபோது லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஒதுக்கப்பட்ட மலிவு விலை வீடுகள். மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்பது என் திட்டம். எங்கிருந்து தொடங்குவது என்று வீட்டிலேயே சீட்டுக் குலுக்கினேன், இரண்டு வந்தது. ஆகவே 2, 5, 8 என்று 41 வரை பதினான்கு வீடுகள். விரிவுரையாளர் கேட்டது குறைந்தது பன்னிரண்டு. இரண்டே இரண்டுதான் கூடுதல். மூன்று வீடு பூட்டிக் கிடந்தால் நான் தீர்ந்தேன்.

இரண்டாம் எண் வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லை. ஐந்தாம் எண் வீட்டில் நாய். உதவி கேட்டு, அங்கிருந்த கோயிலின் செயலாளர் தங்கராஜுவைத் தேடிப் போனேன். அறுபது வயதுக்காரர், குரல் பெரியது. வீட்டு எண்களின் பட்டியலைக் காட்டி நோக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஒலிபெருக்கியை எடுத்துவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க. ஆபீசுலேர்ந்து ஐயா ஒருத்தரு வந்திருக்காரு. பாரம் எழுதணும். ரெண்டு, அஞ்சு, எட்டு, பதினொன்னு... நம்பர் கூப்பிட்ட வீட்டுக்காரங்க கோயில் மண்டபத்துக்கு வாங்க."

நான் எந்த ஆபீசிலிருந்தும் வரவில்லை, என்னிடம் இருந்தது அரசாங்கப் படிவமும் அல்ல. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், மண்டபத்தை நோக்கி ஆட்கள் வருவதைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். முழுக்கைச் சட்டையும் சட்டைப்பைப் பேனாவும் கோப்பும் மீதிப் பொய்யைச் சொல்லிவிட்டன.

மணி 11.30. பதினான்கு வீடும் வந்துவிட்டன. தகவல் தாளை வாசித்தேன்: "இவ்வாய்வில் பங்கேற்பது தங்கள் விருப்பத்தைப் பொறுத்தது." தலையாட்டினார்கள். கையெழுத்துக் கேட்ட இடத்தில் கையெழுத்து, கேட்காத இடத்திலும் கையெழுத்து. யாரோ மைலோ கொண்டுவந்து கொடுத்தார்கள். இத்தனை சுலபமாக நடக்கிறதே என்று தாள்களை மறுபடியும் எண்ணினேன்.

மணி 12.45. தாள்களைச் சரிபார்த்தேன். நான்காம் கேள்வி, குடும்ப வருமானம். பதினொரு தாளில் "இல்லை". லாரி வைத்திருக்கும் வீட்டுக்காரரும் "இல்லை" என்றே எழுதியிருந்தார். ஏழாம் கேள்வி, குறை வந்தால் யாரிடம் போவீர்கள்? பதினான்கிலும் "ஒய்பி", அதாவது சட்டமன்ற உறுப்பினர். சிலர் "நல்லா செய்றாரு" என்றும் சேர்த்திருந்தார்கள்.

அப்போது நான்காம் எண் வீட்டு லெட்சுமி வந்து நின்றார். ஐம்பது வயது, தொழிற்சாலைச் சீருடை. கையில் அடையாள அட்டை நகல் இரண்டும் தண்ணீர்க் கட்டண ரசீதும்.

"என்னங்கய்யா, நாலாம் நம்பரு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அவங்க வீட்டுக் கூரைதான் ஒழுகுதா? எங்க வீட்டுல மூணு எடத்துல வாளி வச்சிருக்கேன். அரைநாள் லீவு போட்டு வந்திருக்கேன். ஐசி காப்பி ரெண்டு போதுங்களா?"

அப்போதுதான் மற்றவர்களின் கைகளைப் பார்த்தேன். எல்லாரிடமும் நகல்கள் இருந்தன. அவர்கள் எழுதியது என் வினாநிரல் அல்ல, பந்துவான் விண்ணப்பம். அரசாங்க உதவி கேட்கும் படிவம்.

மணி 1.10. கோயில் குழாயில் முகம் கழுவிக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். பையில் பதினான்கு முழுத் தாள்கள், பதினான்கு கையெழுத்துகள். விரிவுரையாளருக்குத் தெரியவே தெரியாது. சுரேஷைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார். இவர்களோ மாதக்கணக்கில் பந்துவான் கடிதத்துக்குக் காத்திருப்பார்கள்.

மண்டபத்துக்குத் திரும்பினேன்.

"நான் ஆபீசர் இல்லீங்க. படிக்கிறவன். இது எனக்கு ஒரு பாடம். இதுல உங்களுக்கு எந்தப் பந்துவானும் வராது. செயலாளர் சொன்னப்பவே நான் திருத்தியிருக்கணும். திருத்தல. தப்பு என்னோடதுதான்."

"இந்த வயசுல படிக்கிறீங்களா?" என்றார் தங்கராஜு.

லாரிக்காரர் எழுந்தார். "அப்ப நான் வருமானம் இல்லன்னு எழுதினத யாரு படிக்கப் போறா? குடுங்க அத."

"யாரு படிச்சா என்ன? வாசல்ல நிக்கிற லாரியப் பாத்தாலே தெரியும்லா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். லாரிக்காரர் சிரிக்கவில்லை.

பங்கேற்றவர் எந்த நேரத்திலும் விலகலாம் என்பது நான் வாசித்த தாளிலேயே இருக்கிற விதி. ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்பது வீடுகள் வாங்கிக்கொண்டு போய்விட்டன. ஒரு பெண், "காலையில வேலைக்காவது போயிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஐந்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். பழைய தாள்களை அவர்களே கிழித்துவிட்டு, என்னிடமிருந்த ஆறு வெற்றுத் தாள்களில் ஐந்தை வாங்கிப் புதிதாக எழுதினார்கள். இப்போது நான்காம் கேள்விக்கு ஐவருமே ஒரு தொகை எழுதினார்கள். ஏழாம் கேள்விக்கு நால்வர் எழுதியது ஒரே பதில்: "யாருகிட்டயும் போறதில்ல." ஐந்தாமவர், "தங்கராஜு. ஆனா அவரு மைக்க எடுத்துருவாரு."

லெட்சுமி போகாமல் நின்றார். "பந்துவான் இல்லன்னா போவுது, நானும் எழுதறேன். ஒரு தாள் மிச்சம் இருக்குல்ல?"

எனக்கு ஏழு குறைகிறது. கையில் தாளும் இருக்கிறது, எழுத ஆளும் இருக்கிறது. ஆனால் நான்காம் எண் குலுக்கலில் வரவில்லை. சொன்னேன்.

"ஒன்னுத்துக்கும் ஆவாத பாரத்துக்கும் குலுக்கலா?" என்று அவர் உட்கார்ந்து சிரித்தார். "நீங்க ஆபீசரேதான்யா."

மணி 3.20. சுரேஷ் இருபது நிமிடம் தாமதம். வழியில் எத்தனை வினாநிரல் கிடைத்தது என்று கேட்டார். ஐந்து என்றேன். "அவ்வளவுதானா அங்கிள்?" என்றவர், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வானொலியின் ஒலியைக் குறைத்தார்.

மணி 6.00. சிரம்பான் பேருந்து. நான் குடியிருக்கும் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், அறுபத்தெட்டு வீடுகள். அங்கே இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் அவர்கள் யாரிடம் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நானே யாரிடமும் போனதில்லை.

மடியில் குறிப்பேட்டை வைத்து, கட்டாயம் எழுத வேண்டிய "ஆய்வின் வரம்புகள்" பகுதியைத் தொடங்கினேன். பேருந்து குலுங்கியதில் எழுத்து கோணியது. கொடுத்தவை பதினான்கு. திருப்பியளித்தவை ஒன்பது. ஏற்றவை ஐந்து. தேவை பன்னிரண்டு. இதை எழுதினால் தேர்ச்சி கிடைப்பது சந்தேகம்தான். அடுத்த வரியில் எழுதினேன்: "முதலில் கிடைத்த பதினான்கு விடைகளும் ஆய்வாளரின் மௌனத்தால் கிடைத்தவை, ஆகவே அவை சேர்க்கப்படவில்லை."