பாம்பு என்று நான் சொன்ன பொந்து

அறுத்த 'லாலான்' புல்லின் பச்சை வாடையும், அதனடியில் சூடேறிய மணலின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறினால், கெலுகோரில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த 'பாடாங்' என்னும் திடல் கண்முன் வந்துவிடுகிறது. முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. திடலைப் புல் வெட்டிப் பராமரிப்பது அப்பாவின் வேலை.

ஒரு பங்குனி மாதத்தில், உருண்டோடிய பந்தை எடுக்கத் திடலின் மணல் ஓரத்துக்குப் போனேன். அங்கே மூன்று பொந்துகள் இருந்தன. ஒன்றில் குனிந்து பார்த்தபோது என்னவோ 'விர்'ரென்று முகத்தை உரசிக்கொண்டு போயிற்று. "பாம்பு, பாம்பு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அந்தப் பேச்சு அப்பா வழியாக, அவருக்கு வேலை கொடுத்த பங்களாத் துரையின் காதுவரை போய்விட்டது. திடலில் மட்டக்குதிரை ஓட்டும் துரையின் பிள்ளைகளை நினைத்து, சனிக்கிழமைக்குள் எல்லாப் பொந்தையும் கல் போட்டு அடைக்கும்படி அப்பாவுக்கு உத்தரவு வந்தது.

அடுத்த வரிசையில் சோற்றுக்கடைக்காரர் மகள் மரியம் இருந்தாள், என் வயதுதான். பறவை பார்ப்பதில் அவளுக்குப் பைத்தியம். பள்ளிவிட்டு வந்ததும் வாதுமை மரத்தடியில் உட்கார்ந்தால், சாயங்காலத் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்கும்வரை அசையமாட்டாள். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"பேரெல்லாம் பொறகு கேட்டுக்கலாம். எங்க உக்காருது, என்னத்தைத் திங்குது, அதைப் பாரு லா" என்பாள்.

மூன்றாம் நாள் பார்த்தேன். செங்கல் நிறத் தலை, நீலக் கழுத்து, வால் நடுவே கம்பி போல் நீண்ட இரண்டு இறகுகள். பறந்தபடியே ஒரு தும்பியைக் கவ்வி, வேலிக்கம்பியில் நாலு அடி அடித்துவிட்டு, நேராகப் பொந்துக்குள் புகுந்தது.

"பாம்பு எங்கடி?" என்றாள் மரியம்.

துரைவரை போன பேச்சு பொய்யாகிவிட்டால் அப்பாவின் வேலை என்னாகும் என்ற பயத்தில் அன்று இரவு நான் அப்பாவிடம் சொல்லாமலே படுத்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் மனம் கேளாமல் நான் ஓடிப்போனபோது, அப்பா முதல் பொந்தில் கல் போட்டுக் கடப்பாரையால் இடித்து முடித்திருந்தார். அந்தப் பறவை வாயில் தும்பியோடு கம்பியில் இருந்தது. கல்மேல் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி கம்பிக்குப் போயிற்று.

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பாம்பு இல்லப்பா. நான் பாம்பையே பாக்கல. உள்ள குருவிக் குஞ்சு இருக்கு."

"நேத்தே ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அவசரமாகக் கல்லை நெம்பிப் பார்த்தார். உள்ளே மணல் சரிந்து வழியே இல்லாமல் போயிருந்தது. அந்தப் பறவை உச்சிவெயில்வரை தும்பியைக் கீழே போடவில்லை.

அப்பா அப்படியே பங்களாவுக்குப் போனார். திரும்பி வரும்வரை நான் வாதுமை மரத்தடியில் அழுதுகொண்டிருந்தேன்.

"விசாரிக்காம சொன்னது என் தப்புன்னு சொல்லிட்டேன். தொரை சத்தம் போட்டாரு, பொறகு சரின்னாரு" என்றவர், மீதி இரண்டு பொந்துகளையும் சுற்றி நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டினார். வைகாசியில் அவற்றிலிருந்து ஐந்து குஞ்சுகள் பறந்ததை மரியமும் நானும் எண்ணினோம். அதன் பிறகுதான் ஒரு மலாய் மீனவரிடம் பெயர் கேட்டோம்: 'பெரேக்-பெரேக்'.

மரியம் கல்யாணமாகிச் சுங்கை பாக்காப் என்ற ஊருக்குப் போய், சில வருடங்களுக்கு முன் காலமானாள். பாடாங்கில் இப்போது அடுக்குமாடி வீடுகள்; ஒரு பிடி மணல் கண்ணில் படாதபடி எங்கும் சிமெண்டு. பங்குனி பிறந்தால் நாலைந்து பறவைகள் வந்து கட்டடங்களுக்கு மேலே சுற்றிவிட்டு, இறங்காமல் தெற்கே போகின்றன. கூடு வைக்க எங்கே மண் தோண்டுகின்றன என்று எனக்குத் தெரியவில்லை.