படியேற முடியுமா?

கண்டியில் ஒரு வீடமைப்பு அலுவலகத்தில் நான் எழுதுவினைஞராக இருந்தபோது, வயதானவர்களை வீடு மாற்றுவதுதான் என் வேலை. பிள்ளைகள் எல்லாம் போனபின் மூன்று அறை வாடகை வீட்டில் தனியாக இருப்பவர்களை ஒற்றை அறை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெரிய வீட்டைக் குழந்தை குட்டிகளோடு காத்திருக்கும் குடும்பத்துக்குக் கொடுப்போம். திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதை நடத்திய விதத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்படி நான் மாற்றியவர்களில் ஒரு அம்மா, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நகரத்தில் நாட்கூலிக்குத் தெருக் கூட்டியவர். கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். அவர் வீட்டுக்குப் போய், வீடு மாறச் சம்மதமா என்று கேட்டதும் தலையாட்டினார்.

"எனக்கு எதுக்குங்க சேர் மூணு ரூம்? கீழ் வீடா மட்டும் பாத்துக் குடுங்க. கோயிலுக்கு, கடைக்குப் போய்வரணும்ல?"

கட்டாயம் கீழ் வீடுதான் என்று வாக்குக் கொடுத்தேன். என் வாயை என்ன சொல்வது!

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: படியேற முடியுமா? முடியாதவர்களுக்குக் கீழ்த்தளம், மற்றவர்களுக்கு எந்த மாடியும் கிடைக்கலாம். நான் வாசித்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "முடியுமுங்க சேர், எனக்கு ஒரு நோயும் இல்ல" என்றார். கதிரையிலிருந்து எழும்ப இரண்டு கைகளையும் ஊன்றிய மனுஷி. அதைப் பார்த்துக்கொண்டேதான் 'முடியும்' என்று எழுதினேன். பிளேன்டீ கொடுத்தவரிடம் மறுத்துப் பேசக் கூச்சம். கீழ் வீட்டை நானே சொல்லி வாங்கிவிடலாம் என்ற மிதப்பு வேறு.

கிடைத்தது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. அவருடைய அலுமாரி படித் திருப்பத்தில் திரும்பவில்லை. வந்த விலைக்கு அதை விற்றுவிட்டார். பால் காய்ச்சப் பானையைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார். பால் பொங்கியது. நான் அதை வாங்கிக் குடித்துவிட்டு, வெட்கமில்லாமல் வாழ்த்தும் சொன்னேன். ஒரே மாதத்தில் அவர் கோயிலுக்குப் போவது நின்றது. பாணும் தேங்காயும் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தார்.

கீழே ஒரு வீடு காலியானதும், மாற்றிக் கொடுக்கும்படி எழுதினேன். குடியிருப்பவர் நேரில் வர வேண்டும் என்று மேலதிகாரி சொன்னார். அவருடைய அறையோ எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். ஐந்து நிமிடம் கீழே வாருங்கள் சேர் என்று கெஞ்சினேன். ஃபைலைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் அவருடைய மரியாதை குறைந்துவிடுமாம். அந்த அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, வேர்த்து விறுவிறுத்து ஏறினார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"மேல ஏறி வந்துட்டீங்கதானே? அப்ப படியேற ஏலும்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கைகட்டி நின்று சொல்லிவிட்டார்: "ஏலுமுங்க சேர்."

ஃபைல் மூடப்பட்டது. அவர் ஏறிய பாட்டை நீங்கள் பார்க்கவில்லையே என்று கத்தினேன். "அவங்களே சொல்றாங்க, உங்களுக்கு என்ன?" என்றார் அதிகாரி.

இறங்கும்போது பாதியில் அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மீதும் கோபம்தான். "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏலாதுன்னா அடுத்த நாள் வேலைக்குப் பேர் போட மாட்டாங்க சேர். காச்சலோட நின்னப்பகூட ஏலும்னுதான் சொல்லிருக்கேன். பெரிய சேர் கேட்டா வாயில அதுதான் வருது."

அவர் வேலையை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அந்தக் கீழ் வீட்டை அடுத்த வாரமே வேறொருவருக்கு ஒதுக்கினார்கள். அதற்கான கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.