கண்டக்டர் சாப்பு

எங்கள் ஊரில் 'மார்க்கு' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மலாய்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட 'சாப்பு'தான். சேவல் சாப்பு மாவு, யானை சாப்பு தீப்பெட்டி என்று படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். டப்பாவில் எழுதியிருக்கும் பெயரை எந்த மகராசன் படித்தான்? என் அண்ணனுக்கு இதில்தான் மனக்குறை. காஜா பேராங் சாலையில் எங்கள் வீட்டு முன்கட்டில் அவன் வைத்திருந்த மளிகைக் கடையில் அவனே காய்ச்சி, அவனே புட்டியில் அடைத்து ஒரு தலை எண்ணெய் விற்றான். அதற்குப் பெயர் இருந்தது, படம் இல்லை. பெயராவது சின்னப் பெயரா? ஒரு மூச்சில் சொல்ல முடியாத பெயர். அதனால் ஜனங்கள் 'அந்தப் பச்சை எண்ணெய்' என்றே கேட்டு வாங்கிப் போனார்கள். அப்படிக் கேட்டால் அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. டவுனில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கையில் எதையாவது திணித்து அனுப்பினார்கள். விசிறி, தகரத் தட்டு, நாட்காட்டி, எல்லாவற்றிலும் ஒரு பக்கம் கொடியோடு 'மெர்டேக்கா' என்ற சுதந்திர முழக்கம், மறுபக்கம் கடைப் பெயர். எங்கள் வீட்டில் மட்டும் ஊருக்கே வீசலாம் போல விசிறிகள் சேர்ந்துவிட்டன. அண்ணன் அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எல்லாரும் கொடியையே கொடுக்கிறார்கள், நாமும் அதையே கொடுத்தால் எவன் திரும்பிப் பார்ப்பான் என்று சாப்பாட்டு நேரத்தில் புலம்பினான்.

அவனுக்கு வழிகாட்டியது சினிமா. அப்போது ஓடிய ஒரு படத்தில் கதாநாயகன் நெற்றியில் ஒரு சுருள் முடியைத் தொங்கவிட்டிருந்தான். மேலுதட்டில் பென்சிலால் கோடு போட்டது போல ஒரு மீசை. அவ்வளவுதான், தலையில் முடி உள்ள ஆண்பிள்ளைகள் எல்லாம் சுருள் விட ஆரம்பித்தார்கள். மீசை எல்லாருக்கும் முளைக்கவில்லை, சுருளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் சுருள் நிற்க எண்ணெய் வேண்டும். எண்ணெய் அண்ணனிடம் இருந்தது. ஒரு புட்டி எண்ணெய்க்குக் கதாநாயகன் முகம் போட்ட கைக்குட்டை ஒன்று இனாம் என்று அவன் முடிவு செய்தான். அந்த நடிகரைக் கேட்டானா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள்?

டவுனில் கடைகளுக்குப் பேனர் எழுதிக்கொடுத்த சீனர் ஒருவர் அண்ணனுக்குச் சிநேகிதர். அவரிடமிருந்து புதுவிதமான அச்சுச் சட்டம் ஒன்றை அண்ணன் இரவல் வாங்கி வந்தான். மரச்சட்டத்தில் பட்டுத் துணியை இழுத்துக் கட்டியிருக்கும். படத்தைக் காகிதத்தில் வெட்டி அதன் அடியில் ஒட்டிவிட்டு, மேலே மையை ஊற்றி ரப்பர் கட்டையால் ஒரு இழு இழுத்தால் கீழே வைத்த துணியில் முகம் விழும். எத்தனை முறை இழுத்தாலும் அதே முகம். அம்மா அதைப் பார்த்துவிட்டு இட்டலித் தட்டைவிடச் சுலபமாக இருக்கிறதே என்றார்.

படம் வரைந்து வெட்ட வேண்டியது நான். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் ஓவியம் கற்றிருந்தேன். டவுனில் தையல் வகுப்புக்கும் தினமும் போய்க்கொண்டிருந்தேன். அப்பா இல்லாத வீடு, அண்ணன் சொன்னால் செய்ய வேண்டியதுதான். அவன் கொடுத்த பத்திரிகைப் படத்தில் கதாநாயகனின் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. மூக்கு எங்கே முடிகிறது, வாய் எங்கே ஆரம்பிக்கிறது என்று கடவுளுக்கே வெளிச்சம். சரி, தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்து வரையலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஆண் முகம் ஒன்றே ஒன்றுதான். தெங்கேராவிலிருந்து எங்கள் பக்கம் சுற்றி டவுனுக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர். மழுமழுவென்று சவரம் செய்த முகம், கொஞ்சம் பெரிய காது, தாடையில் ஒரு குழி, யாரோ ஏதோ வேடிக்கையாகச் சொன்னது போல எப்போதும் சற்று உயர்ந்தே நிற்கும் ஒரு புருவம். அவரிடம் நான் இறங்கும் இடத்தைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாவிட்டால் என்ன, பார்க்கக் கூடாது என்று சட்டமா? கை தானாக அந்த முகத்தை வரைந்தது என்று சொன்னால் அது பொய். நான்தான் போ என்று விட்டேன்.

வரைந்து முடித்ததும் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். அச்சு அசல் அவரேதான். அண்ணன் அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துவைத்திருந்தான். தெங்கேராவில் வீடு, அரசாங்க ஆபீஸில் கிராணி என்கிற எழுத்தர் வேலை, தலைக்குமேல் மண்டைக்கனம். சுதந்திர தினம் கழிந்ததும் நிச்சயதார்த்தம் என்று பேச்சு. எனக்கு அந்தக் கிராணியைக் கண்டாலே ஆகாது. பெண் பார்க்க வந்தவர் என்னைப் பார்க்காமல் எங்கள் வீட்டுக் கூரையையும் அலமாரியையும் பார்த்துவிட்டுப் போனவர். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் எடுபடும் காரணம் எதுவும் இல்லை, கண்டக்டர் என்று சொல்ல வாயும் இல்லை. இந்த நிலையில் படம் வெளியே தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவார்கள். ஆனால் கிழித்துப் போடவும் மனம் வரவில்லை.

ஒரு தந்திரம் செய்தேன். நெற்றியில் ஒரு சுருளும் மேலுதட்டில் ஒரு மீசையும் வேறு காகிதத்தில் தனியாக வெட்டினேன். முகம் கறுப்பில், சுருளும் மீசையும் செம்பழுப்பில், இரண்டு வர்ணமாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று அண்ணனிடம் அளந்தேன். அவன் மயங்கிவிட்டான். கறுப்பு மையைச் சீனர் கொடுத்தார், துணிக்கென்றே செய்த நல்ல மை. செம்பழுப்புக்கு எதற்குத் தண்டச் செலவு என்று அண்ணன் தானே ஏதோ பொடியைக் கரைத்துக் கலக்கினான். முகத்தின் மேல் சுருளும் மீசையும் விழுந்ததும் கண்டக்டர் மறைந்து கதாநாயகன் வந்துவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

கைக்குட்டை பிய்த்துக்கொண்டு போனது. எண்ணெய் தேவைப்படாத வழுக்கைத் தலைக்காரர்கள்கூட வாங்கினார்கள். 'மீசைக்காரன் சாப்பு கொடுங்க' என்று ஆட்கள் கேட்டு வந்த நாளில் அண்ணன் தரையில் நடக்கவில்லை. அத்தோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? ஒரு கட்டுக் கைக்குட்டையைத் தூக்கிக்கொண்டு தெங்கேரா மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், இதெல்லாம் என் தங்கச்சி கையால் வரைந்தது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெருமை அடித்துவிட்டு வந்தான்.

ஒரு முறை துவைக்கும் வரைக்கும்தான் எல்லாம் நன்றாக இருந்தது.

சாயம் வெளுத்துப் போயிற்று என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே வாளித் தண்ணீரில் வெளுத்தது. அண்ணன் கலக்கிய செம்பழுப்பு முதல் அலசலிலேயே சுருளோடும் மீசையோடும் போய்விட்டது. சீனர் கொடுத்த கறுப்பு மட்டும் அசையவில்லை. அம்மா துவைத்துக் காயப்போட்டிருந்ததை வந்து பார்க்கிறேன், துணிக்கொடி நிறையக் கண்டக்டர்கள் வரிசையாகப் புருவத்தை உயர்த்திக்கொண்டு காற்றில் ஆடுகிறார்கள். அம்மா அந்தப் படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படங்களைப் பார்த்தார். எல்லாவற்றையும் ஈரத்தோடு சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட்டார்.

எங்கள் வீட்டுத் துணியைச் சுருட்டலாம், ஊர்த் துணியை யார் சுருட்டுவது? செமாபோக், புக்கிட் காதில் என்று டவுனுக்கு வெளியே உள்ள ஊர்களில்கூட ஆட்கள் வைத்திருந்தார்களே. பஸ்ஸில் கைக்குட்டையை எடுத்துக் கண்டக்டர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்களாம். மீசையை எங்கே அடகு வைத்தீர்கள் என்று கேட்டார்களாம். டிக்கெட் வாங்கும்போது, சினிமாவில் எப்போது நடித்தீர்கள் என்று ஒரு கிழவர் கேட்டாராம். இதெல்லாம் தையல் வகுப்பில் என் காதுக்கு வந்து சேர்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழாமல் இருப்பதற்காக.

அந்த வாரமே தெங்கேராவிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வெளுத்த கைக்குட்டை ஒன்றை அண்ணன் கல்லாப் பெட்டி மேல் விரித்து வைத்தார்.

"தம்பி, ஒங்க தங்கச்சி நல்லாத்தான் வரையுது. தெனம் காய்கறி வாங்க பாசாருக்குப் போறப்ப எனக்கு டிக்கெட்டுக் கிழிச்சுக் குடுக்குற மூஞ்சி இது. இவ்ளோ நல்லா வரையணும்னா எவ்ளோ நேரம் பாத்திருக்கணும்?"

அண்ணன் கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது தற்செயல், கதாநாயகனுக்கும் கண்டக்டருக்கும் முகம் ஒத்துப்போயிருக்கலாம் என்று என்னென்னவோ உளறினான். அந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார் என்றே நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. கிராணி சம்பந்தம் அந்த நிமிஷமே முறிந்தது.

அண்ணன் அன்று கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் படியில் வந்து நின்று கேட்டார். குடும்ப மானத்தைப் புட்டிக்கு ஒன்றாக இனாம் கொடுத்துவிட்டாயே என்றான். கொடுத்தது நீ, நான் வரைந்ததோடு சரி என்றேன். அது வாய்க்கொழுப்பு என்று தையல் வகுப்பை நிறுத்தினான். வகுப்பு நின்றால் பஸ் நின்றது. பஸ் நின்றால் அவரைப் பார்ப்பதும் நின்றது. கிராணி தொலைந்த சந்தோஷம் எனக்கு இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. ஒரு மனிதரை ஊரே கேலி செய்யும்படி செய்துவிட்டேனே, அவர் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாரோ, அல்லது வரைந்தது யார் என்பதே தெரியாதோ என்று தவித்தேன். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

கூத்து என்னவென்றால், வியாபாரம் படுக்கவில்லை. 'கண்டக்டர் சாப்பு இருக்கா?' என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர்களை அண்ணன் விரட்டினான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தான். அண்ணனாக இருந்தால் கோபப்பட வேண்டும், கடைக்காரனாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டும். பாவம், ஒரே முகத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தான்.

ஒரு பிற்பகல் நான் கடையில் எண்ணெய்ப் புட்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். காக்கிச் சட்டை இல்லாமல், வெள்ளைச் சட்டையில். அண்ணன் எழுந்து நின்றான். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பான், கை தராசுக் கல்லைத் தேடியது. அப்போதுதான் கவனித்தேன், அவருடைய மேலுதட்டில் சில நாள் வளர்ந்த மீசை. என் பழைய அச்சைப் பார்த்து வெட்டியது போல மெல்லிசாக ஒதுக்கியிருந்தார். சகிக்கவில்லை.

அவர் அண்ணனுக்கு ஒரு வணக்கம் வைத்தார். பிறகு, வரைந்தது யார் என்று பஸ்ஸில் யாரோ சொல்லியிருக்க வேண்டும், நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"படத்துல இருந்துச்சேன்னு வளத்துப் பாத்தேன். இருக்கட்டுமா, எடுத்துறவா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என்னை ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் பக்கத்தில் நிற்கிறான், வாசலில் இரண்டு ஆட்கள் நிற்கிறார்கள். எனக்கு யாருமே கண்ணில் படவில்லை.

"எடுத்துருங்க," என்றேன்.

அண்ணன் இடையில் புகுந்தான்.

"அவரு மீசைய எடுக்கச் சொல்ல நீ யாரு?"

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அதத்தான் அண்ணே பேசலாம்னு வந்தேன்."

அண்ணன் அவரை உட்காரச் சொல்லவில்லை. அம்மாதான் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை எடுத்து வந்து, தூசி தட்டி, அவருக்குப் போட்டார்.