குட்டை உத்திரம்

அலுவலகத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். கட்டடங்கள் சுமையைத் தாங்குமா என்று கணக்கிடும் பொறியாளர். மேதையென்று சொல்வதற்கில்லை, பார்த்ததைப் பார்க்காததுபோல் இருக்கத் தெரியாதவள், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் அலுவலக அறைக்கே ஒரு கணினிதான். கணக்கை ஓடவிட்டால் சாப்பாடு முடிந்து, ஊர்வம்பும் முடிந்த பிறகுதான் விடை வரும். பக்கத்து நாற்காலிக்காரனோடு அவளுக்கிருந்த சிநேகம் அந்தக் காத்திருப்பில் வளர்ந்தது. இப்போது கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. பேச்சுக்குத்தான் நேரமில்லை.

ஓர் அச்சகத்தின் மாடித்தளம் அவன் கைக்கு வந்தது. மேலே கனமான இயந்திரம் நிற்கும். தளம் கொஞ்சம் அதிகமாகத் தாழ்ந்தாலும் அச்சு பிசகிவிடும். அவன் முதன்முதலில் தனியாகக் கையெழுத்துப் போடவிருந்த வேலை. கணினிக் கணக்கில் தாழ்வு அனுமதித்த எல்லைக்குள் அடங்கியதும் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தான்.

அவள் மிட்டாயைக் குதப்பியபடியே வரைபடத்தைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, இந்த உத்திரத்துக்கு எந்த பீம் எலிமென்ட் போட்ட?"

"எப்பவும் போடறதுதான். போன வேலையோட ஃபைலையே காப்பி பண்ணிட்டேன்."

"அதுல எல்லாம் நீளக் குச்சி. இது உன்ன மாதிரி குட்டையா, தடியா இருக்கு."

"மொதல்ல என் மிட்டாயத் துப்பு."

நீண்டு மெலிந்த உத்திரம் பெரும்பாலும் வளைந்தே தாழும். கணினிக்குள் உத்திரத்துக்குப் பதிலாக நிற்கும் கணக்கு மாதிரிதான் எலிமென்ட்; வழக்கமானது அந்த வளைவை மட்டும் கணக்கிடும். குட்டையான, ஆழமான உத்திரமோ, பக்கவாட்டில் தள்ளிய சீட்டுக்கட்டுபோல உள்ளுக்குள் சரியவும் செய்யும். அதையும் சேர்த்துப் பார்க்கும் எலிமென்ட் வேறு. பழையது பொய்யல்ல, அதன் உண்மைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை எங்கே என்று கேட்க மறப்பதுதான் மனித வழக்கம்.

எலிமென்டை மாற்றி ஓடவிட்டார்கள். அன்று காத்திருந்த நேரம் முழுக்க அவன் திரையையே பார்த்திருந்தான், அவள் வரைபடத்தை. தாழ்வு எல்லையைத் தாண்டியிருந்தது.

"மேலாளர்கிட்ட போட்டுக் குடுக்கப்போறியா?"

"நீயே போய்ச் சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

அவன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான். இனி முகம் கொடுத்துப் பேசமாட்டான் என்றே அவள் நினைத்தாள். பலகைத் தடுப்பைத் தாண்டி அவன் குரல் கேட்டது: "தப்பு என்னோடது சார். கண்டுபிடிச்சது அவங்க."

காது சிவக்க வெளியே வந்தான்.

"உத்திரத்த மாத்திப் போடணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம்."

"வருத்தமா?"

"இல்லாம இருக்குமா?" என்றான். ஆனாலும் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான்.