லோபாக் நெரிசலில் ஏறிய சூடு

எங்கள் பழைய கார் இரண்டு வாரமாகச் சூடேறிக்கொண்டிருந்தது. லாபுவில் செம்பனைக் காட்டுச் சாலையில் ஓடும்போது ஒன்றும் செய்யாது. டவுனில் லோபாக் நெரிசலில் நின்றால்தான் சூடு காட்டும் முள் ஏறும். வீடு திரும்பிப் பார்த்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைந்திருக்கும். இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. பட்டறையில் கொடுத்து தெர்மோஸ்டாட்டை மாற்றினார், பிறகு கூலண்டையே மாற்றினார். சூடு குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் கொழுந்தனும் அவர் மனைவியும் வந்தார்கள். அவள் நீலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் அவளைத்தான் கேட்பார்கள். என் கணவர் போனட்டைத் திறந்து அவளுக்குக் காட்டினார். அவளோ என்னைக் கேட்டாள்.

“எப்பக்கா சூடாவுது? ஓடுறப்பவா, நிக்கிறப்பவா?”

“நிக்கிறப்பதான். ஓடுனா எறங்கிடும்.”

என் கணவர் நிமிர்ந்தார். “இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

அவள் கேட்டால்தான் என் பேச்சு அவர் காதில் விழுகிறது.

அவள் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தாள். முள் ஏறியும் ரேடியேட்டர் விசிறி அசையவில்லை. எஞ்சினை அணைத்து, விசிறிக்கு மின்சாரம் விடும் சின்ன ரிலேயைப் பிடுங்கி, அந்த இடத்தில் அதே மாதிரியான ஹாரன் ரிலேயைச் செருகினாள். விசிறி சுழலக்கூடாது என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். என் கார்தான், இருந்தாலும் வேண்டிக்கொண்டேன். அது சுழன்றது.

“ரிலேதான் போயிருக்கு லா. நின்ன எடத்துல கொதிச்சு, கூலண்ட் வெளிய வழிஞ்சிருக்கு. புதுசு வாங்குற வரைக்கும் ஹாரன் இல்லாம ஓட்டுங்க.”

சாப்பிடும்போது முழுக்க அவள் புகழ்தான். அக்கா சரியாகச் சொன்னதால்தான் கண்டுபிடித்தேன் என்று அவள் எனக்கும் பங்கு கொடுத்தாள். அது என்னை இன்னும் எரித்தது. அவளை வெறுக்க ஒரு காரணம்கூட வைக்கவில்லையே.

மறுநாள் வேலை முடிந்ததும் லோபாக்கில் ரிலே வாங்கி, கடை வாசலிலேயே நானே மாட்டினேன். ஹாரனுடையதை அதன் இடத்தில் திரும்பச் செருகினேன். வீட்டில் என் கணவர், அடுத்த ஞாயிறு அவளை வரச் சொல்லி மாட்டிக்கொள்ளலாம் என்றார். நானே மாட்டிவிட்டேன் என்றேன். அவர் போய்ப் போனட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து அவளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, சரியாக மாட்டியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது எனக் கேட்டார்.

நான் சமையலறையில் குழாயை மூடிவிட்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.