என் கணக்கைத் திருத்திய மாணவி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதம். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. ஸ்கூட்டர் வாங்கத்தான் எடுத்தேன். ஆனால் அந்த வாரம் மனசு முழுக்கப் பங்குச்சந்தையில் கிடந்தது.

இரண்டு பெரிய கம்பெனிகள் ஒன்றாக இணையப் போவதாகச் செய்தி. வெள்ளிக்கிழமை பங்குதாரர்கள் ஓட்டுப் போட வேண்டும். இணைப்பு நடந்தால் பங்கு எகிறும், நடக்காவிட்டால் விழும். பங்கு விலையின் மேல் பந்தயம் கட்டுவது போன்ற ஒப்பந்தம்தான் ஆப்ஷன். ஏறினால் லாபம் தரும் ஆப்ஷன் ஒன்று, இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன் ஒன்று, இரண்டையும் வாங்கிவிட்டால் எப்படியும் ஜெயம்தானே? கணக்கு டீச்சர் மூளை என்று எனக்கே பெருமை.

புதன்கிழமை பள்ளி விட்டதும் காந்தி ரோட்டில் இருந்த புரோக்கர் ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் சட்டென்று எழுந்து, "மிஸ்!" என்றாள். என் பழைய மாணவி. பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸானவள்.

என் திட்டத்தைக் கேட்டதும் பதறிவிட்டாள்.

"வேணாம் மிஸ். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லிப்பூ இன்னா விலை விக்குது? முகூர்த்தம் முடிஞ்ச மறுநாள் இன்னா விலை? வெள்ளிக்கிழமை பங்கு குதிக்கும்னு எல்லாரும் எதிர்பார்த்துக்கினு இருக்காங்க. அதனால ரெண்டு ஆப்ஷனும் இப்பவே விலை ஏறிக் கெடக்குது. ரிசல்ட் வந்ததும் பரபரப்பு போயிடும், விலையும் எறங்கிடும். பங்கு ரொம்ப தூரம் போனாத்தான் தப்பிப்பீங்க."

நான் வாங்கியிருந்தால் அவள் ஆபீசுக்குக் கமிஷன். இருந்தும் ஒரு தாளில் இரண்டு விலையையும் எழுதிக் கொடுத்து, "திங்கக்கிழமை பாருங்க மிஸ்" என்று அனுப்பிவைத்தாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்தான்.

திங்கட்கிழமை மதியம் ஸ்டாஃப் ரூமில் போனைத் திறந்தேன். இணைப்புக்கு ஒப்புதல் கிடைத்திருந்தது. பங்கும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனால் அந்த இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்தால், தாளில் இருந்த விலையில் பாதிகூட இல்லை! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மாலையில் இனிப்புப் பெட்டியோடு போய் நின்றேன். "உனக்கு நூத்துக்கு நூறு" என்றேன்.

அவள் தன் போனை நீட்டினாள். "மார்க் வேணாம் மிஸ். எங்கம்மாகிட்ட சொல்லுங்க."

அப்போதுதான் உறைத்தது. அவள் அம்மாவைப் பள்ளிக்கு வரவழைத்து, இவளுக்குக் கணக்கு வராது என்று சொன்னவளே நான்தான்.

"கணக்கு மிஸ் பேசறேன்" என்றதும் மறுமுனையில் தறிச் சத்தம் நின்றது. "இன்னா மிஸ், மறுபடியும் எதுனா தப்புப் பண்ணிட்டாளா?"

"இல்லம்மா. எனக்கே கணக்கு சொல்லிக் குடுத்துட்டா."

அந்த அம்மா சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி ஆபீஸ் முழுக்கக் கேட்டது. மகளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இப்போதெல்லாம் பிள்ளைகளின் வீட்டுக்கு நான் போன் செய்வது பெரும்பாலும் நல்ல சேதி சொல்லத்தான். ஒரு பிள்ளைக்கு எது வராது என்று சொல்லும் தைரியம் அன்றோடு என்னைவிட்டுப் போய்விட்டது.